கொலனியில் அம்மா, கடலுக்கு அப்பால் பிள்ளைகள்: எந்த வழியில் பேசுவது?

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் கொலனியில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள் உள்ளன. அவற்றில் பல வீடுகளில் வயது முதிர்ந்த ஒருவரோ இருவரோ மட்டுமே வாழ்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் மெல்பேர்ணிலும் இருக்கின்றனர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரினால் இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பிறகு வீட்டுத்திட்டத்தில் இந்த இரண்டறை வீடுகளைப் பெற்றவர்களே இங்கு அதிகம். சொந்த ஊரில் ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. செய்தி வந்தால் அந்தப் பொட்டு வழியாக ஓடிவந்து சொல்ல ஒரு மாமியோ சின்னம்மாவோ இருந்தார். கொலனியில் பக்கத்து வீட்டார் வேறோர் ஊரவர். ஆகவே இங்கு தனித்திருக்கும் ஒரு தாய்க்கு, பிள்ளையிடமிருந்து வரும் குரலே அந்த நாளின் பெரிய நிகழ்ச்சி.

மூன்றாம் ஒழுங்கையில் இருக்கும் எழுபத்தெட்டு வயது அன்ரி ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் என்னிடம் வந்தார். சுவிஸில் உள்ள மகள் பெரிய திரையுள்ள ஒரு கருவியை வாங்கி அனுப்பப்போவதாகச் சொல்கிறாள். கனடாவில் உள்ள மகன் பட்டன் போன் போதும் என்கிறான். லண்டனில் உள்ள இளைய மகன் குடும்பக் குழு ஒன்றைத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். "மூண்டு பேரும் மூண்டு சொல்லுகினம் ரீச்சர், நான் எதைக் கேக்கிறது?" என்றார். இதே கேள்வியைச் சென்ற ஆண்டில் மட்டும் வேறு பலரும் என்னிடம் கேட்டுள்ளனர். என் வீட்டிலும் நிலைமை வேறல்ல: எண்பத்தாறு வயதான அம்மா என்னோடு இருக்கிறார், ஒரு தம்பி ரொறன்ரோவிலும் மற்றவன் பாரிஸிலும் என் மகள் மெல்பேர்ணிலும் உள்ளனர். எனவே ஒவ்வொரு வழியையும் நாங்களே பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

## முதலில் எவற்றைப் பார்க்க வேண்டும்

பெரும்பாலான குடும்பங்களில் இந்த முடிவை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையே எடுக்கிறார், ஏனெனில் கருவிக்கும் இணைப்புக்கும் பணம் கொடுப்பவர் அவர். தனக்கு எது இலகுவோ அதையே தாய்க்கும் தெரிவு செய்கிறார். இது தலைகீழான முறை என்பது என் கருத்து. கேட்கும் காது எங்கே இருக்கிறதோ, அழுத்தும் விரல் எங்கே நடுங்குகிறதோ, அங்கிருந்துதான் தெரிவு தொடங்க வேண்டும்.

ஆகவே என் முதலாவது அளவுகோல், தாய் அதைத் தனியாகச் செய்ய முடியுமா என்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து திரையைத் திறந்து தந்தால்தான் பேசலாம் என்றால், அந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் தொடர்பு அறுந்திருக்கிறது என்றே பொருள்.

இரண்டாவது, யார் காதில் விழுகிறது என்பது. வளவில் வாழ்ந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது. கொலனியில் வீட்டுக்கு வீடு சில அடிகளே இடைவெளி. உள்ளறையில் சிக்னல் குறைந்தால் முற்றத்துக்கு வந்து உரத்துப் பேச வேண்டியிருக்கிறது. மருமகளோடு உள்ள மனத்தாங்கலையும், காணி உறுதிப் பிரச்சினையையும், பேத்தியின் திருமணப் பேச்சையும் ஒழுங்கை முழுவதும் கேட்கப் பேச எந்தத் தாய்தான் விரும்புவார்? பேச முடியாதவற்றைப் பேசாமலே விட்டுவிடுகிறார். பிள்ளையோ அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

மூன்றாவது, கெட்ட நாளில் அது வேலை செய்யுமா என்பது. 2022இன் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் நாட்டில் முடக்கப்பட்டன. பிள்ளைகள் மிகவும் பதறி அழைக்கும் நாள்கள் அவைதாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, பேசிய பின் என்ன மிஞ்சுகிறது என்பது. சில வழிகளில் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. சில வழிகளில் குரலோ எழுத்தோ எஞ்சுகிறது. செலவை நான் கடைசியில்தான் வைக்கிறேன், ஏனெனில் இப்போது வெளிப்படையான செலவு குறைந்துவிட்டது. மறைவான செலவே கூடுதல்.

நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நேரடியாகப் பேசும் எல்லா வழிகளுக்கும் அது பொதுவானது.

| இடம் | ஏப்ரல்–ஒக்ரோபர் | நவம்பர்–மார்ச் | யாழ்ப்பாணத்தில் பொருத்தமான நேரம் |
|---|---|---|---|
| ரொறன்ரோ | 9½ மணி பின்னால் | 10½ மணி பின்னால் | காலை 6:30 (அங்கே முன்னைய இரவு 9 அல்லது 8) |
| லண்டன் | 4½ மணி பின்னால் | 5½ மணி பின்னால் | சனி, ஞாயிறு பிற்பகல் 3:30 (அங்கே காலை 11 அல்லது 10) |
| பாரிஸ், சூரிச், ஒஸ்லோ | 3½ மணி பின்னால் | 4½ மணி பின்னால் | இரவு 9:30 (அங்கே மாலை 6 அல்லது 5) |
| மெல்பேர்ண், சிட்னி | 4½ மணி முன்னால் (ஒக்ரோபரின் முதலாம் ஞாயிறிலிருந்து 5½) | 5½ மணி முன்னால் | பிற்பகல் 2:30 (அங்கே இரவு 7 அல்லது 8) |

இங்கு மணிக்கூட்டை மாற்றும் வழக்கம் இல்லை. ஐரோப்பாவில் மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறார்கள். ரொறன்ரோவில் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதலாம் ஞாயிறும் மாற்றுகிறார்கள். அந்த வாரங்களில் அம்மா முற்றத்துக் கதிரையில் ஒரு மணி நேரம் வீணே காத்திருந்து, "அவனுக்கு என்ன நடந்ததோ" என்று கலங்கியதை நான் கண்டிருக்கிறேன். மாற்றத்துக்கு முந்திய நாள் பிள்ளை ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும்.

## காணொளி அழைப்பு

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். வைபரும் இமோவும் பலர் கையில் இருந்தன. வட்ஸ்அப்பில் 2016 நவம்பரில் காணொளி அழைப்பு வந்த பின்னர் கொலனியில் பெரும்பாலும் அதுவே நிலைத்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காண்பதற்கு இதற்கு இணையான வழி வேறில்லை. தமிழ் சரளமாக வராத ஒரு பேரன் தொலைபேசியில் இரண்டு சொற்களோடு நின்றுவிடுவான். திரையில் தன் பொம்மையையும் விழுந்த பல்லையும் காட்டி அரை மணி நேரம் அம்மம்மாவோடு இருப்பான். பொங்கல் பானை பொங்குவதையும் பிறந்தநாளையும் காட்டவும், மருந்துப் பெட்டியின் பெயரை வாசிக்கவும், காலில் உள்ள புண்ணைப் பார்த்து வைத்தியரிடம் போகச் சொல்லவும் இது உதவும். காது மந்தமான ஒருவர் உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார், ஆனால் இணைப்பு நன்றாக இருக்கும்போது மட்டுமே. படம் உறைந்து குரல் பிந்தினால் அந்த உதவியே தொல்லையாகிவிடுகிறது.

மறைவான செலவுகள் இங்கேதான் மிகுதி. ஒலி அழைப்பைவிடப் பல மடங்கு டேற்றா செல்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத செலவு, அழைப்புக்கு முன் நடக்கும் ஆயத்தம். என் அம்மா சேலையை மாற்றுகிறார், தலையைச் சீவுகிறார், பூச்சு உதிர்ந்த சுவர் தெரியாத இடமாகப் பார்த்துக் கதிரையைப் போடச் சொல்கிறார். ஒரு முறை அவருடைய கால்கள் மாதக்கணக்கில் வீங்கியிருந்தன. வாரந்தோறும் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த தம்பிமார் இருவரும் அதை அறியவில்லை, ஏனெனில் திரையில் இடுப்புக்குக் கீழே எவரும் பார்ப்பதில்லை. நேரில் பார்த்துவிட்டோம் என்ற நிறைவைக் காணொளி தருகிறது. அந்த நிறைவே சில கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. முகம் பார்த்த பின்பும் "கால் எப்படி, நித்திரை எப்படி, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, செயலிகள் நிலையானவை அல்ல. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா பல ஆண்டுகளாக ஸ்கைப் ஒன்றை மட்டுமே பழகி வைத்திருந்தார். 2025 மே 5ஆம் திகதியோடு அது நிறுத்தப்பட்டபோது எண்பது வயதில் வேறொன்றை முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. கொலனியில் ஒலிபெருக்கியோடுதான் காணொளி பேசுகிறோம் என்பதால் அந்தரங்கமும் இல்லை.

பேரப்பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வீட்டுக்கும், அருகில் ஒரு இளையவர் எப்போதும் இருக்கும் வீட்டுக்கும் காணொளியே சிறந்தது. தனித்திருக்கும் ஒருவருக்கு அதை ஒரேயொரு வழியாக வைப்பது சரியல்ல. வாரத்துக்கு ஒரு முறை, முன்கூட்டியே சொல்லிய நேரத்தில் என்றால் போதுமானது.

## குரற்பதிவு

இதை நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன். வட்ஸ்அப்பில் 2013 முதலே இருக்கும் இந்த வசதியை வயதானவர்களுக்குப் பழக்கிவிட நினைப்பவர்கள் மிகக் குறைவு.

ஏன் உயர்வாக மதிக்கிறேன் என்பதற்கு எங்கள் தலைமுறையின் தொலைபேசிப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பியவர்கள் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போய், கொமினிகேசன் கடையில் முறைக்குக் காத்திருந்து, நிமிடக் கணக்கில் பேசினார்கள். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்க, மறுமுனையில் பிள்ளையின் பணம் கரைகிறது என்ற எண்ணத்தோடு, "நாங்கள் சுகம், நீ சாப்பிட்டியே, வைக்கிறன்" என்று முடித்தவர்கள் அவர்கள். அந்த அவசரம் இன்றும் அவர்களின் நாக்கில் இருக்கிறது. அழைப்பு இலவசம் என்று எத்தனை முறை சொன்னாலும் என் அம்மா மூன்றாவது நிமிடத்தில் "சரி தம்பி, உனக்கு வேலை இருக்கும்" என்று விடைபெற்றுவிடுகிறார்.

குரற்பதிவில் அந்த அவசரம் இல்லை. மறுமுனையில் எவரும் காத்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். முதல் மாதம் அரை நிமிடம் பேசினார்; இப்போது மாலையில் விறாந்தையில் இருந்துகொண்டு, முருங்கை காய்த்ததையும், குழாயில் தண்ணீர் வராததையும், தன் சின்ன வயதில் மயிலிட்டிக் கடற்கரையில் கருவாடு காய்ந்த மணத்தையும் எட்டு நிமிடம், பத்து நிமிடம் சொல்கிறார். ரொறன்ரோவில் உள்ள தம்பி வேலைக்குப் போகும் பேருந்தில் அதைக் கேட்கிறான். நேர வித்தியாசம் இங்கே ஒரு பொருட்டே அல்ல. அட்டவணையைப் பார்க்கவும் வேண்டியதில்லை. காது மந்தமானவர் ஒன்றை மூன்று முறை கேட்கலாம். மறதி தொடங்கியவர் மகனின் குரலை நாளுக்குப் பத்து முறை கேட்டாலும் மகனுக்குத் தொந்தரவு இல்லை.

கொலனிக்காரருக்கு ஒரு சிறு தகவல்: பதிவை ஒலிக்கவிட்டு, தொலைபேசியைக் காதோடு வைத்தால், ஒலி வெளியே கேட்காமல் அழைப்பைப் போலக் காதுக்குள் மட்டும் கேட்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் அயலில் இரண்டு பேர் முற்றத்தை விட்டு உள்ளே போய்த் தம் பிள்ளைகளின் குரலைக் கேட்கிறார்கள். இணைப்பு விட்டுவிட்டு வரும் நாளிலும் பதிவு காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் தானே போய்விடும்.

குறைகளும் உண்டு. உடனே பதில் வராது. அவசரத்துக்கு இது உதவாது. பதிலே அனுப்பாத பிள்ளைக்கு அம்மா நான்கு பதிவுகள் அனுப்பிவிட்டு ஐந்தாவதை அனுப்பாமல் விடுவார், அந்த மௌனத்தை எவரும் கவனிக்கமாட்டார்கள். தொலைபேசி தொலைந்தாலோ பழுதானாலோ பதிவுகளும் போய்விடும். மறையும் செய்திகள் என்ற அமைப்பைத் தெரியாமல் தொட்டுவிட்டால், குறித்த நாள்களின் பின் குரல் தானாக அழிந்துவிடும்; அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பிள்ளை ஒரு முறை பார்க்க வேண்டும். அம்மாவின் நீண்ட பதிவுகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள் என்று என் தம்பிமாரை நான் வற்புறுத்துகிறேன்.

## சாதாரண அழைப்பும் பட்டன் போனும்

கனடாவில் உள்ள மகன் சொன்னது பழைமைவாதம் அல்ல. பச்சைப் பொத்தானை அழுத்தினால் குரல். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முடிவு. விரல் நடுங்கும் ஒருவர் தொடுதிரையில் அழைப்பை ஏற்க முயன்று வெட்டிவிடுவதும், பிள்ளை அங்கே பயந்துபோவதும் கொலனியில் நாளாந்தம் நடப்பவை. பட்டன் போனின் மின்கலம் பல நாள்கள் தாங்கும். சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாள்களில் சாதாரண அழைப்பு வேலை செய்தது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி உள்ள வீட்டார் அதை அவசரப்பட்டுத் துண்டிக்க வேண்டாம். கம்பியோடு உள்ள எளிய கருவி வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் பேசும், கம்பியில்லாக் கருவியும் ஃபைபர் இணைப்பும் மின்சாரத்தை எதிர்பார்ப்பவை.

இங்கே அழைப்பை ஏற்பவருக்குக் கட்டணம் இல்லை. அழைப்பவருக்கு உண்டு, அதுவும் இணைய அழைப்போடு ஒப்பிட்டால் அதிகம். அந்தப் பணத்தை அவசரத்துக்கான காப்புறுதியாகக் கருதினால் பெரிதாகத் தோன்றாது. தாய் ஒரு மிஸ்கோல் கொடுத்தால் பிள்ளை திருப்பி எடுப்பது என்ற பழைய உடன்பாடு இன்றும் நல்ல உடன்பாடே. ஆனால் சிம் அட்டை யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாடு போன மகனின் பெயரில் வாங்கிய அட்டை தொலைந்தால், அதே எண்ணைத் திரும்பப் பெறுவது தாய்க்குப் பெரும் அலைச்சல். அதே எண்ணில்தான் வட்ஸ்அப் கணக்கும் வங்கியின் குறுஞ்செய்தியும் இருக்கின்றன.

தனியே வாழும், கண் பார்வை குறைந்த, எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவருக்கு, வேறு என்ன இருந்தாலும் இது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

## குடும்பக் குழு

லண்டன் மகனின் யோசனை இது. திருமணப் படங்களுக்கும் கோயில் அறிவிப்புகளுக்கும் நல்லது. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு இதை மாற்றாகக் கொள்ள நான் உடன்படமாட்டேன்.

பாரிஸில் இருந்த அம்மாவின் தம்பி காலமானபோது, அங்கிருந்த ஒருவர் செய்தியைக் குழுவில் இட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் உறவினரான ஓர் இளைஞன் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில், ஒழுங்கையில் நின்றபடியே துக்கம் விசாரித்துவிட்டான். கூடப் பிறந்தவனின் மரணத்தைப் படலையடியில் தனியாக நின்று அம்மா கேட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு விதி: இறப்பும் கடும் நோயும் முதலில் என் எண்ணுக்கு அழைப்பாக வர வேண்டும், நான் அம்மாவின் பக்கத்தில் இருந்து சொன்ன பின்னரே குழுவில் இடலாம்.

குழுவின் இன்னொரு மறைவான செலவு ஏமாற்றுக்காரர். குழுவில் உள்ள ஒருவரின் கணக்கைக் கைப்பற்றி, அவர் பெயரால் "உங்களுக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டை அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். மகனே கேட்டாலும் அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது என்று தாய்க்குச் சொல்லிவையுங்கள். கணக்குக்குக் கூடுதல் இரகசிய எண் ஒன்றைக் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இட்டுக் கொடுங்கள்.

## கடிதமும் பொதியும்

கடிதத்தை ஒப்பீட்டில் சேர்க்கத்தான் வேண்டுமா என்று என் மகள் கேட்டாள். சேர்க்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் போனவர்கள், கப்பலில் போய்வந்த கடிதங்களையும் மணியோடர்களையும் கொண்டே குடும்பம் நடத்தினார்கள். என் தாத்தாவின் தகப்பனும் அவர்களில் ஒருவர். பின்னர் 1990களில் வழிகள் அடைபட்டபோது, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகவும், கொழும்புக்குப் போய்வருபவர்களின் கையிலும், மாதக்கணக்கில் பிந்திக் கடிதங்கள் வந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மா எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று கடிதங்கள் இருந்த தகரப்பெட்டி. அந்த நீல நிற வான்கடிதங்கள் இன்றும் எங்கள் அலுமாரியில் உள்ளன. எந்த மின்கலமும் இல்லாமல் அவற்றை வாசிக்க முடிகிறது.

மற்ற வழிகளில் சொல்ல முடியாதவற்றுக்குக் கடிதமே பொருத்தமானது. மன்னிப்புக் கேட்பதற்கும், காணி பங்கிடுவது பற்றித் தன் விருப்பத்தைச் சொல்வதற்கும், தான் இல்லாத காலத்தில் பேத்தி வாசிப்பதற்கும் எழுதுங்கள். அடுத்த வீட்டார் காதில் விழாத ஒரே பேச்சு அது.

கொலனியில் ஒரு இடர் உண்டு: பல வீடுகளுக்கு ஒழுங்கான வீதிப் பெயரும் இலக்கமும் இல்லை. முகவரியில் கொலனியின் பெயரோடு கிராம அலுவலர் பிரிவையும் அஞ்சற் குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். தபாற்காரரை ஒரு முறை நேரில் கண்டு வீட்டைக் காட்டிவிடுங்கள். முக்கியமான தாள்களைப் பதிவுத் தபாலில் மட்டுமே அனுப்புங்கள். ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் பொதியில் அனுப்புவோர், அவை போய்ச் சேரும் நாட்டின் விதியை முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அவுஸ்திரேலியா தாவரப் பொருள்களில் மிகவும் கண்டிப்பானது, அறிவிக்காமல் அனுப்பியது அங்கே பறிமுதலாகலாம்.

## நேரில் போவதும் வருவதும்

தாயை அங்கே அழைப்பதா, பிள்ளை இங்கே வருவதா என்பது தனிக் கேள்வி. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள பிள்ளை, பெற்றோருக்கான சுப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்க அனுமதி உண்டு. ஆனால் குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கான மருத்துவக் காப்புறுதியும், பிள்ளையின் வருமானச் சான்றும், பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். வயதோடும் நோயோடும் காப்புறுதிக் கட்டணம் ஏறும். விசாக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுபவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள். பிரான்ஸ், சுவிஸ், நோர்வே உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் குறுகியகால விசாவில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் இருக்க முடியாது. 30,000 யூரோக் காப்புறுதி தேவை. பிரித்தானியாவின் வருகை விசா பொதுவாக ஆறு மாதம் வரை இடமளிக்கிறது.

எழுபதுக்குக் குறைந்த, நடமாடக்கூடிய பெற்றோருக்குப் போய்வருவது பெரும் மகிழ்ச்சி. அதற்கு மேற்பட்டவர்களுக்கு நான் தயங்குவேன். பிள்ளையும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பனிக்காலத்தில் மூடிய வீட்டுக்குள் பகல் முழுவதும் தனித்திருந்த ஒருவர், "கொலனியில எண்டாலும் படலையடியில ஒரு சனம் போகும்" என்று என்னிடம் சொன்னார்.

பிள்ளை வருவதே நல்லது. எப்போது வருவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலானோர் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகின்றனர். இருபத்தைந்து நாள் திருவிழா ஜூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களுள் அமைவதால், ஐரோப்பியப் பள்ளி விடுமுறையும் சேர்ந்து விமானச்சீட்டு ஏறியிருக்கும். வந்தவர்கள் கோயிலுக்கும் உறவினர் வீடுகளுக்கும் கொண்டாட்டங்களுக்கும் ஓடி, அம்மாவோடு ஆறுதலாக ஒரு மாலைப்பொழுதும் இருக்காமல் திரும்புகின்றனர். சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையில் 2022 டிசம்பரில் விமான சேவை மீண்டும் தொடங்கிய பின்னர் அவ்வழியாக வருவது பலருக்கு இலகுவாகியிருக்கிறது. கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் வரும் களைப்பு மிச்சம். ஆனால் தனித்தனிச் சீட்டுகளோடு சென்னையில் இறங்கி மாறுபவருக்கு இந்திய விசா வேண்டியிருக்கும், சிறிய விமானத்தில் பொதியின் அளவும் குறையும். இரண்டையும் சீட்டு வாங்கும் முன்னரே பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வேதனை தருவது செத்தவீட்டுக்கு வருவது. எத்தனையோ பிள்ளைகள் இருக்கிற பணத்தையெல்லாம் சேர்த்துக் கடைசி நேரச் சீட்டு வாங்கி ஓடிவந்தும், முகம் பார்க்க முடியாமல் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிச் சடங்குக்கு மட்டும் நின்றதைக் கண்டிருக்கிறேன். வர முடியாதவர்கள் நேரலையில் பார்த்து அழுகின்றனர். அந்தச் சீட்டின் பணத்தை அம்மா கதைக்கும் காலத்தில் செலவழியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்ரியோடு இருந்து இவற்றையெல்லாம் பேசினேன். பட்டன் போனை அவர் கைவிடவில்லை. கனடா மகன் நாள்தோறும் காலை ஆறரைக்கு அதில் எடுக்கிறான். சுவிஸ் மகளின் பெரிய கருவி வேண்டாம் என்று சொல்லி, சிறிய தொடுதிரைத் தொலைபேசி ஒன்றை மட்டும் வாங்கினோம். அதில் குரற்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடிக்க நான்கு நாள்களில் பழகிவிட்டார். குழுவில் லண்டன் மகனின் படங்களைப் பேத்தி காட்டும்போது பார்க்கிறார். ஐந்தாம் நாள் தன் மகளுக்கு அவர் அனுப்பிய முதலாவது நீண்ட பதிவை என் முன்னால்தான் பேசினார்: "நல்லூருக்கு வாறதெண்டா முருகனைப் பாக்க வா, பிள்ளை. என்னைப் பாக்க வாறதெண்டா மாசியில வா, அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் நேரம் இருக்கும்." மகள் மாசிக்கு விடுமுறை கேட்டிருக்கிறாள்.